என் கல்லீரலும் நாலு பேர் மாத்திரையும்

நான் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்ன உடனே கேட்பவர் முகத்தில் ஒரு இளிப்பு வருகிறது பாருங்கள், அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. ரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார். ஸ்கேன் எடுத்தவர் கேட்டார். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளையிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் ஒருவருக்கும் இல்லை. என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டும் ஒருவர் விசாரித்திருக்கிறார். அவர் பாவம், "டீ மட்டும் நெறைய குடிப்பா சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் பெண்களுக்கு வேறு சந்தேகம். கொரோனா நுரையீரலுக்குத்தானே வரும், உனக்கு மட்டும் எப்படிக் கல்லீரலுக்கு வந்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். வாயால் சொல்லும்போது ஒரு விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்தேன். இதில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

என் பெயர் தனலட்சுமி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பதினான்கு வருடமாக வேலை. கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருக்கிறதே, அதைச் சூளைக்குப் போகும் முன் கிளேஸ் என்கிற பளபளப்புக் குழம்புத் தொட்டியில் முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். அடியில் கிளேஸ் இருந்தால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். அடுக்கிய பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைப்பதும் நாங்கள்தான். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து என் இடுப்பு போய் மூன்று வருடம் ஆகிறது.

கணவர் கலியமூர்த்தி ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். "இடுப்பு வலின்னு ஒரு வார்த்த சொன்ன, அன்னியோட வேலைக்கு முழுக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். ஆகவே நான் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் உட்கார்ந்து அவர் வாங்கி வருகிற கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டு கிடப்பதை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

மேஸ்திரி அறையில் ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கிறது. காயத்துக்குப் போடப் பஞ்சு இருக்காது, வலி மாத்திரை மட்டும் எப்போதும் இருக்கும். பதினோரு மணி டீயோடு ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. நாங்கள் எல்லாருமே போடுவோம். ஒருத்தி பெட்டியைத் திறந்தால் நாலு கை நீளும். டீயோடு தின்கிற பிஸ்கட்டைப் போல அது பழகிவிட்டது. நான் அட்டை அட்டையாக வீட்டுக்கும் கொண்டுவந்து தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

காய்ச்சல் வந்தபோது ஊரே கொரோனாவை மறந்திருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு போனால் ஏதோ கூத்தாடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மூன்று நாள் காய்ச்சல் விடவில்லை, வாசனையும் போய்விட்டது. லேபில் மூக்குக்குள் குச்சியை விட்டுக் குடைந்து கொரோனா என்றார்கள். கணவர் என்னை உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து, தரையில் தள்ளிவிடுவார். வளர்க்கிற நாய்க்குக்கூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் நிறைமாசமாக இருந்தாள், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். திட்டக்குடியிலிருந்து என் நாத்தனார் அமுதா பஸ் ஏறி வந்துவிட்டாள். கணவரின் ஒரே தங்கை. வரவேண்டாம் என்று போனில் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

அமுதாவை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது. குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு அதே கையால் உப்பு அள்ளிப் போடுவாள். பேசும்போது தோளில் தட்டித் தட்டிப் பேசுவாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைப்பாள். அவள் கொண்டுவந்த பையில் சீந்தில் பொடி, நிலவேம்பு, மிளகு என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே இருந்தது. காலையும் மாலையும் கஷாயம். சாக்கடையில் வேப்பிலையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்த நிறம் வரும். "கண்ண மூடிக்கினு ஒரே மடக்கா குடிச்சிடுங்க அண்ணி" என்று கதவைத் திறந்து உள்ளேயே வந்து நின்றுகொண்டு, குடித்து முடிக்கும்வரை போகமாட்டாள். அவளுக்குத் தொற்று வருமே என்ற பயம் எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சீட்டு எழுதி வாங்கி மருந்து வாங்குகிறவர்கள் கம்மி. மெடிக்கலில் போய் நின்று, "காய்ச்சலு, ஒடம்பு வலி, ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றால் போதும். கடைக்காரர் நாலு அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டி வெட்டி எடுத்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் காலை, மதியம், இரவு என்று கோடு கிழித்துக் கொடுத்துவிடுவார். அட்டையை வெட்டும்போது மாத்திரையின் பேரும் வெட்டுப்பட்டுப் போகும். மிச்சம் இருப்பது இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ. அதை யாரும் படிப்பதும் இல்லை. ஒரு கவருக்கு ஒரு காய்ச்சல் போகும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

கணவர் ஜங்ஷன் பக்கத்துக் கடையில் ஒரு கவர் வாங்கி வந்து தட்டோடு தள்ளினார். அமுதா திட்டக்குடியிலேயே ஒரு கவர் வாங்கி வந்திருந்தாள். அவர் கொடுத்தது அவளுக்குத் தெரியாது, அவள் கொடுத்தது அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டு மெகருன்னிசா அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவர் அனுப்பிய டப்பாவிலிருந்து அக்கா கொஞ்சம் மாத்திரையை ரசத் தூக்கோடு கொடுத்தனுப்பி, "வெளிநாட்டு மாத்திரம்மா, தலவலி பறந்துடும்" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சத்தம் போட்டுச் சொன்னாள். அப்புறம் தலையணை உறைக்குள் என்னுடையது. நான் எல்லாவற்றையும் விழுங்கினேன். வெள்ளை, நீளம், உருண்டை, மஞ்சள் என்று ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு போயிருக்கும். சோறு ஒரு வாய் இறங்கவில்லை, மாத்திரை மட்டும் இறங்கியது.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் எனக்குக் கடுகு தாளிக்கும் வாசனை வந்தாலே வயிறு புரண்டது. போன வாசனை திரும்பி வந்ததே எனக்குத் தண்டனையாகிவிட்டது. எண்ணெய், சோப்பு, அமுதாவின் தலையில் இருந்த வாடிய கனகாம்பரம், எல்லாம் நாறியது. வாந்தி எடுத்தேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அமுதா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மஞ்சளா இருக்குது" என்று கத்தினாள்.

ஊரில் உடனே கீழாநெல்லி என்று ஆரம்பித்தார்கள். மோரில் அரைத்துக் கலக்கிக் கொடு, உப்பைக் குறை, மங்களூர் பக்கத்தில் ஒருவர் மூன்று வேளை மருந்தில் காமாலையை இறக்குகிறார் என்று வழி சொல்ல ஆட்டோ ஸ்டாண்டே திரண்டு வந்தது. எங்கே கிளம்பிவிடுவாரோ என்று நான் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அவர் கிளம்பவில்லை. உள்ளூரில் ரத்தம் பார்த்தார்கள். பார்த்த டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே புதுச்சேரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அமுதாவும் கூடவே வந்தாள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வையில் துவைத்தும் போகாத ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. அது யாருடைய எது என்று யோசித்து யோசித்தே எனக்கு இன்னொரு தடவை வாந்தி வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா நாள் முழுக்க ஏப்பம் விட்டாள், விட்டபின் "அப்பாடா" என்றாள். சாப்பாட்டு வண்டி வந்தால் நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். என்மேலேயே எனக்கு ஒரு வாடை அடித்தது. தோலெல்லாம் அரித்து, சொறிந்து சொறிந்து நகத்தில் ரத்தம். மஞ்சளாகிப்போன என் உள்ளங்கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கருவளையம், குரலில் மட்டும் அலுப்பில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள். உட்கார்ந்து சொன்ன ஒரே டாக்டர் அவள்தான்.

"இந்தக் கொரோனா கல்லீரலயும் தொடும்மா. பித்தக் குழாயோட உள்பக்கம் அது நுழையறதுக்கு வழி இருக்கு. வைரஸோட சண்ட போடறதுக்கு உடம்பு கெளப்பற கொதிப்பும் கல்லீரலத் தாக்கும். அதனால கொரோனா வந்த நெறைய பேருக்கு இந்த டெஸ்ட் கொஞ்சம் ஏறும், அப்புறம் தானா எறங்கிடும். ஆனா உங்களுக்கு ஏறியிருக்கறது அந்தக் கணக்குல அடங்கல. வேற என்னமோ சேந்திருக்கு."

ஏறுகிறது ஏறுகிறது என்றால் எது ஏறுகிறது என்று கேட்டேன். கல்லீரலின் செல்லுக்குள்ளே இருக்க வேண்டிய சரக்கு சில உண்டாம். செல் உடைந்தால் அது ரத்தத்தில் சிந்துமாம். எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று அளப்பதுதான் எஸ்.ஜி.பி.டி. என்கிற டெஸ்ட். மஞ்சள் என்பது வேறு. பழசாகிப்போன ரத்த அணுக்களை உடைக்கும்போது வருகிற மஞ்சள் கழிவைக் கல்லீரல்தான் வெளியே தள்ள வேண்டும். அதற்குத் தெம்பு இல்லாவிட்டால் கழிவு கண்ணில் வந்து நிற்கும். இதெல்லாவற்றையும்விட டாக்டரம்மா பயந்தது ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்த்து. ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கைச் செய்வதும் கல்லீரல்தானாம். அது தாமதமானால் கல்லீரல் வேலையை நிறுத்தத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். எனக்குத் தாமதமாகியிருந்தது.

"தானா சரியாவலன்னா?" என்று கணவர் கேட்டார்.

"இன்னும் மோசமானா வேற கல்லீரல் வெக்கறத பத்திதான் பேசணும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும்" என்று என் பக்கம் திரும்பினாள். "போன பத்து நாள்ல வாயில போட்டது எல்லாம் சொல்லுங்க. மாத்திர, கஷாயம், எதுவா இருந்தாலும்."

நான் சொன்னேன். கணவர் கொடுத்த கவர், அமுதா கொடுத்த கவர், மெகருன்னிசா அக்காவின் மாத்திரை, கஷாயம்.

"வேற?"

கணவர் கட்டில் காலருகே நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

சாவைவிட எனக்கு வேலை பெரிதாகிப் போனது அந்த ஒரு நிமிஷத்தில். இப்போது எழுதும்போது என் முகத்தில் நானே துப்பலாம் போல இருக்கிறது.

அன்று சாயங்காலமே கையில் ஊசி குத்தி ஒரு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். பிறகு அதையே தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை பரணில் மறந்துபோன முட்டை வெடித்தது. அச்சு அசல் அந்த நாற்றம். என்னைக் காப்பாற்றியது அழுகிய முட்டை வாடை அடிக்கிற தண்ணீர் என்று யாரிடம் சொல்லிக்கொள்வது? மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன், பாதி திரும்பி வரும். அமுதா வாந்தி பிடிக்கிற பேசினை ஏந்திக்கொண்டு நிற்பாள், கழுவிக்கொண்டு வருவாள், மறுபடி ஏந்துவாள். ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனுஷிக்கு அருவருப்பே கிடையாதா என்று.

மறுநாள் காலையில் கணவர் விருத்தாசலம் போய், வீட்டில் கிடந்த கவர்களையும் காலி அட்டைத் துண்டுகளையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கட்டில்மேல் கொட்டி, வெட்டுப்பட்ட துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துப் படித்தாள். பிறகு கணவரின் கவரிலிருந்து ஒன்று, அமுதாவின் கவரிலிருந்து ஒன்று, துபாய் மாத்திரை ஒன்று எடுத்து வரிசையாக வைத்தாள்.

"மூணுமே ஒரே மருந்து. பாராசிட்டமால். பேர் வேற, நெறம் வேற, உள்ள இருக்கறது ஒண்ணு."

அளவோடு போட்டால் அது நல்ல மருந்துதானாம். கல்லீரல் அதைக் கரைக்கும்போது கொஞ்சம் விஷம் பிறக்குமாம். அந்த விஷத்தை முறிக்கிற சரக்கு ஒன்றைக் கல்லீரல் கையிருப்பில் வைத்திருக்குமாம். மாத்திரை அளவுக்கு மிஞ்சினால் கையிருப்பு தீர்ந்துபோய், விஷம் கல்லீரலையே தின்ன ஆரம்பிக்குமாம். பட்டினி கிடந்தால் கையிருப்பு சீக்கிரமே தீருமாம். அழுகிய முட்டை மருந்து அந்தக் கையிருப்பை நிரப்பத்தான். வைரஸ் ஏற்கெனவே நோகடித்து வைத்திருந்த கல்லீரலில் நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து கல் எறிந்திருக்கிறோம்.

மெகருன்னிசா அக்கா போனில் விஷயம் கேட்டு அழுதுவிட்டாள். "நான் எட்டு மாத்தர குடுத்தேன், டாக்டர்கிட்ட எட்டுன்னே சொல்லு, கொறச்சு சொல்லாத" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கஷாயப் பொடியையும் டாக்டரம்மா பார்த்தாள். சீந்தில் சிலபேருக்குக் கல்லீரலில் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு, இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கணவருக்கு அது போதும். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது. தானும் ஒரு கவர் வாங்கிக் கொடுத்தோம் என்பது அவருக்கு உறுத்தியிருக்கும். உறுத்தலை அவர் தங்கைமேல் இறக்கினார்.

"ஒன்ன யாரு வரச் சொன்னது? வராத வராதன்னேன் இல்ல? வந்து சாக்கடத் தண்ணிய ஊத்தி என் பொண்டாட்டியக் கொல்லப் பாத்துட்டியே!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஏப்பக்கார அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். அமுதா கையில் கழுவின பேசினோடு நின்றபடி என்னைப் பார்த்தாள். அவள் கவரைவிடவும், கஷாயத்தைவிடவும் அதிகமாக உள்ளே போனது என் தலையணை மாத்திரை என்று எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருந்து மயக்கத்தில் தூங்குகிறவளைப் போல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தேன்.

"ஊருக்குக் கெளம்பு. இனிமே எங்க வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று அவர் சொன்னது கேட்டது. பேசினைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவள் பை வைத்திருந்த இடம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாள். தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், மத்தியானம் ரிசல்ட் வரும்வரை கணவர் வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். டாக்டரம்மா வந்து, இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன ஊர் என்று கேட்பாள். பஸ்ஸை நிறுத்துவதைப் போல இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்வாள். கல்லீரல் மோசமானால் ரத்தத்தில் தேங்குகிற அழுக்கு மூளைக்கு ஏறி, நீட்டின கை பறவை இறக்கை மாதிரி அடித்துக்கொள்ளுமாம். என் கை அடித்துக்கொள்ளுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று சொல்லும். கணவர் பக்கத்தில் நிற்பார். வாய் திறக்காது.

அமுதா போன பிறகு பேசின் ஏந்த அவர்தான். என் வாந்தியைப் பார்த்து அவர் வாந்தி எடுத்தார். நர்ஸ் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே கழுவினாள். அப்போதுதான் அந்த வேலை எவ்வளவு கேவலமான வேலை என்பது எனக்கு முழுசாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் ரத்தம் உறைகிற நேரம் ஏறாமல் நின்றது. நாலாம் நாள் இறங்கியது. டாக்டரம்மா காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்து, "கல்லீரல் வெட்கம் கெட்டதும்மா, அடிச்சாலும் திரும்ப வளரும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பசித்தது. பத்து நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக இட்லி வாசனை நல்ல வாசனையாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். எல்லாமே நாற்றமடித்ததே, எதைப் பார்த்தாலும் அருவருப்பாக இருந்ததே, அது ஏன் என்று. கல்லீரல் கெட்டால் அப்படித்தான், அதுவும் நோயின் அறிகுறி, குறைந்துவிடும் என்றாள். போர்வைமேல், சாப்பாட்டின்மேல் இருந்ததெல்லாம் குறைந்துவிட்டது. என்மேல் இருந்தது குறையவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். கணவர் ரிசல்ட் வாங்க லேபுக்குப் போயிருந்தார். டாக்டரம்மா கண்ணைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். பிறகு, "கம்பெனி மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

எந்த மாத்திரை என்று கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்லிப் பழகிவிட்டால் நாக்கு தானாகவே ஓடும்.

"உங்க நாத்தனார் மொத நாளே சொல்லிட்டாங்கம்மா. நீங்க இல்லன்னு சொன்ன அரமணி நேரத்துல என்னை வார்டு வாசல்ல நிறுத்தினாங்க. தலையணை மாத்தும்போது பாத்தாங்களாம், கம்பெனியில குடுக்கறதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. காலி அட்டையெல்லாம் கைக்குட்டையில முடிஞ்சு கொண்டாந்து, எண்ணிக் குடுத்தாங்க. அதுவும் பாராசிட்டமால்தான். அதப் பாத்துத்தான் அந்த மருந்த அன்னிக்கே போட்டோம். மறுநாள் வரைக்கும் காத்திருந்தா என்னாயிருக்கும்னு எனக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அண்ணங்கிட்ட சொல்லாதீங்க, வேலைய வுட்டு நிறுத்திடுவாருன்னு கேட்டுக்கிட்டாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

கணவர் ரிசல்ட்டோடு வந்தார். எல்லாம் நார்மல் என்று அவருக்கு வாயெல்லாம் பல். ஆஸ்பத்திரி வாசலில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்காமல் அவரிடமே திருப்பி நீட்டினேன்.

பஸ் நெய்வேலி தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னேன். முதலுதவிப் பெட்டி, டீ நேரம், தலையணை உறை, டாக்டரிடம் சொன்ன பொய், அமுதா கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போனை எடுத்து நம்பரைப் போட்டு என் கையில் திணித்தார்.

"நீயே பேசு. அதுக்கப்புறம் நான் பேசறேன்."

"அண்ணி, டெஸ்ட் என்னா சொல்லுது?" என்றாள் அமுதா எடுத்த உடனே. இன்றைக்குத்தான் மறுபரிசோதனை என்று அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். நீ அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்ததை டாக்டரம்மா சொல்லிவிட்டாள் என்றேன். அண்ணனிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். பக்கத்தில் சேலம் பஸ் ஹாரன் அடித்ததில் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஏன் சொன்னீங்க? வேலைய வுட வேண்டி வருமே" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள்.

"வந்தா வரட்டும். அமுதா, நீ வூட்டுக்கு வா. ஒங்கண்ணன் பக்கத்துலதான் நிக்கறாரு. அவரு அன்னிக்குப் பேசினதுக்கு..."

"அண்ணன் பேசினது கெடக்கட்டும் அண்ணி. அது கோவத்துல என்னைக்கும் அப்படித்தான் கத்தும். பயந்துபோயி கத்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு நீங்க தூங்கிட்டீங்கன்னுதான் நெனச்சுக்கினு இருக்கறேன். பஸ்ஸுல வரும்போது அதத்தான் சொல்லிக்கினே வந்தேன். அண்ணி தூங்கிட்டாங்க, அவங்களுக்கு எதுவும் கேட்டிருக்காதுன்னு."

ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மருந்து மயக்கம், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாள். அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல அமுதா," என்றேன். "முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

போன் இன்னும் கட்டாகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கணவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.